பதினேழாம் படத்தின் பன்னிரண்டாவது உயிர்

ஜூன் 3, திங்கள்

ஈரப்பதம் 68. ராமபாணப் பூச்சி 3, கொன்றேன். கரப்பான் 1, தப்பிவிட்டது.

கரப்பானுக்குப் பிரின்ஸ்பல் ஐயாவின் மீசை. அதே நீளம். பேச வாயெடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஆடுமே, அந்த ஆட்டமும் அதே. மனம் வராமல் விட்டுவிட்டேன் என்று எழுதலாம். உண்மை என்னவென்றால் செருப்பு எட்டவில்லை.

இன்றைக்குப் புது நோட்டு. இதோடு பன்னிரண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் பாளையங்கோட்டைக்கு வந்து, எங்கள் கல்லூரி நூலகத்தின் பழைய புத்தக அறையைச் சுற்றிப் பார்த்தார். "தினமும் ஈரப்பதமும் பூச்சி எண்ணிக்கையும் எழுதி வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. உதவி நூலகர் பியூலா தங்கபுஷ்பமாகிய நான் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்க எண் அடித்து, கல்லூரி முத்திரை வைத்த நோட்டு. இதுவரை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. அதனால் முதல் வரி பூச்சிக்கு, மீதிப் பக்கம் எனக்கு. யாரைப் பற்றி எதை எழுதினாலும் சரி, எண்ணிக்கையில் மட்டும் ஒருநாளும் பொய் எழுதியதில்லை.

காலையில் ஐயா கூப்பிட்டனுப்பினார்.

"பியூலா, தீபாவளிக்கு முன்னால அந்த ரூமை ஸ்மார்ட் கிளாஸ் ஆக்குதோம். பழைய புஸ்தகமெல்லாம் ஹாஸ்டல் குடோனுக்குப் போயிரும். நீ ஹாஸ்டல் ஆபீஸ்ல மேட்ரனுக்கு ஒத்தாசையா இருந்துக்கோ."

"குடோன் சமையக்கட்டை ஒட்டியில்ல இருக்கு ஐயா. எலி கெடக்கும்."

"அதுக்கென்னம்மா, ஒரு பூனை பாத்துக்கிட்டா போச்சு."

மீசை ஆடியது. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். பூனையாம். நானூறு வருஷத்துப் புத்தகத்துக்குப் பூனை காவலாம்.

ஜூன் 4, செவ்வாய்

ஈரப்பதம் 70. பூச்சி இல்லை. சோறு இறங்கவில்லை.

ஜூன் 5, புதன்

ஈரப்பதம் 70. ராமபாணப் பூச்சி 1.

அலமாரியில் இருப்பதிலேயே பெரிய புத்தகத்தை எடுத்துத் துடைத்தேன். ஜெர்மனியில் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. யாரோ ஒரு பாதிரியார் பெட்டியில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார். ஐம்பத்திரண்டு படங்கள். சாமியில்லை, ராஜா இல்லை, மருந்துக்கு ஒரு மனுஷ முகம் கிடையாது. வண்டு, தும்பி, தவளை, நத்தை, பாதியாக அறுத்த பேரிக்காய். ஒவ்வொன்றுக்கும் காலடியில் ஒரு துளி நிழல். அந்த நிழல்தான் ஆளை ஏமாற்றும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதினேழாம் படத்து ஈயை இரண்டு தடவை விரட்டியிருக்கிறேன். மூன்றாவது தடவை கையை ஓங்கினபோதுதான் அது பறக்காது என்பது உறைத்தது.

எனக்குப் பிடித்ததும் அந்தப் பதினேழுதான். நடுவில் வெடித்த பட்டாணிக் காய். அதைச் சுற்றி நத்தை, தவளை, சுண்டெலி, கம்பளிப்புழு, பட்டாம்பூச்சி, ஈ, தும்பி இரண்டு, எறும்பு மூன்று. ஆக மொத்தம் பதினொன்று. வெள்ளைக்காரன் காலத்து நூலகர் ஒருவர் பென்சிலால் "17: உயிர்கள் 11" என்று சீட்டு எழுதிச் செருகியிருக்கிறார். அந்த நத்தையைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். வீட்டில் மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்த எத்தனையோ காலைகளில் நான் முதலில் போய்ப் பார்த்தது அதன் முகத்தைத்தான்.

அது குடோனில் எலிக்குப் போவதை நான் உயிரோடு இருக்கும்வரை பார்க்கமாட்டேன்.

சென்னையில் இந்த மாதிரிப் படங்களை ஆராய்கிற டாக்டர் குந்தவி என்று ஒருவர் இருக்கிறாராம். எல்லாப் படத்தையும் போட்டோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பப் போகிறேன். பெரிய மனுஷி ஒரு வார்த்தை சொன்னால் ஐயா கேட்பார்.

ஜூன் 6, வியாழன்

ஈரப்பதம் 72. வண்டு 1, தப்பிவிட்டது.

கூட்டுறவுக் கடையில் சிறுபயறு வாங்கி மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். அறைக்குள் தின்பண்டம் கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டியது நான்தான். ஆனால் வேக வைக்காத பயறு தின்பண்டத்தில் சேராது.

படமெடுத்துக்கொண்டிருக்கும்போது பையிலிருந்து ஒரு வண்டு ஏறி, புத்தகத்தின்மேல் குடுகுடுவென்று ஓடியது. பதறிப்போய்ப் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டேன். பதினோரு வருஷ அனுபவத்தில் செய்யக்கூடாத காரியம். திறந்து நாலு தாள் புரட்டினேன், காணோம். வெளியே ஓடியிருக்கும். மீதிப் படங்களை எடுத்து முடித்தேன். பயறை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

ஜூன் 10, திங்கள்

ஈரப்பதம் 71. பூச்சி இல்லை.

ஐம்பத்திரண்டு படங்களும் மெயிலில் போய்விட்டன. "அம்மா அவர்கள் எப்படியாவது இந்தப் புத்தகத்தைக் காப்பாற்ற வேண்டும்" என்று கடைசி வரி எழுதும்போது கண் கலங்கிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன், மறுபடியும் கலங்கியது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

ஈரப்பதம் 69. பூச்சி இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

டாக்டர் குந்தவி போன் செய்தார். எடுத்த எடுப்பிலேயே, "பியூலா மேடம், பதினேழாவது படத்துல எத்தனை உயிர் இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றார்.

"பதினொண்ணு அம்மா."

"நல்லா எண்ணுங்க."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எண்ணினேன். பன்னிரண்டு. பட்டாணிக் காய்க்குப் பக்கத்தில், மிளகு அளவில் ஒரு வண்டு. அத்தனை வருஷம் பார்த்த படத்தில் இதைத் தவற விட்டிருக்கிறேனே என்று வெட்கமாகப் போய்விட்டது.

"உலகத்துல இந்தப் புத்தகம் எட்டு பிரதிதான் இருக்கு. மத்த ஏழுலயும் அச்சானது பதினொண்ணுதான். உங்ககிட்ட மட்டும் பன்னிரண்டு! அதோட, மத்ததுக்கெல்லாம் நிழல் இடப்பக்கம் விழுது. இதுக்கு மட்டும் வலப்பக்கம். குரு செதுக்கின தகட்டுல எவனோ ஒரு கோபக்கார மாணவன் திருட்டுத்தனமா சேர்த்திருக்கான். குரு பார்த்ததும் அழிச்சிட்டாரு. அழிக்கிறதுக்கு முன்னால அச்சான ஒரே தாள் உங்ககிட்ட இருக்கு!"

அந்த மாணவனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. என்ன கொடுமையோ, என்ன கோபமோ. பென்சில் சீட்டு எழுதின அந்த நூலகரைத்தான் மன்னிக்க முடியவில்லை. எண்ணத் தெரியாத மனுஷனுக்கெல்லாம் எவன் வேலை கொடுத்தான்?

ஜூன் 18, செவ்வாய்

ஈரப்பதம் 70. ராமபாணப் பூச்சி 1.

ஐயா எழுந்து நின்று என்னை வரவேற்றார். டீ வந்தது, கிரீம் பிஸ்கட் வந்தது. ஸ்மார்ட் கிளாஸ் பேச்சையே காணோம். ஜூலை எட்டாம் தேதி டாக்டர் குந்தவி நேரில் வருகிறாராம்.

"எனக்கு அப்பவே தெரியும் பியூலா. அந்த ரூம்ல ஏதோ ஒண்ணு இருக்குன்னு நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

யாரிடம் சொன்னாரோ, அந்தப் பூனையிடம் சொல்லியிருப்பார்.

ஜூன் 20, வியாழன்

ஈரப்பதம் 73. பூச்சி இல்லை.

வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. "உலகின் ஒரே பன்னிரண்டாவது வண்டு! நமது கல்லூரியில்!" ஐயாவின் படம் ஆறடி. வண்டின் படம் உள்ளங்கை அளவு, அதுவும் ஐயாவின் தோளுக்குப் பக்கத்தில். ஊரார் யாரை வண்டு என்று நினைப்பார்களோ தெரியவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ஈரப்பதம் 72. பூச்சி இல்லை.

முப்பிடாதி அறையைப் பெருக்க வந்தாள். எட்டு வருஷமாக இந்த அறைக்கு அவள்தான். இப்போது எல்லாருக்கும் பார்க்கிற ஆசை, அவளுக்கும் வந்தது. காட்டினேன். குனிந்து பார்த்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யக்கா, இது பயத்து வண்டுலா?"

"ஜெர்மனிக்காரன் செதுக்கினது முப்பிடாதி. நானூறு வருஷம் ஆச்சு."

"எங்க வீட்டுப் பானைக்குள்ள இதே மூஞ்சியோட நூறு கெடக்கு. ஜெர்மனிக்காரன் எங்க வீட்டுக்கு வந்தா பாத்து வரைஞ்சான்?"

"ஒனக்கு என்ன தெரியும்? போய் வேலையப் பாரு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது யக்கா. பயறு தெரியும்."

ரொம்பத்தான் வாய். படிக்காதவர்களிடம் இதையெல்லாம் காட்டக்கூடாது.

ஜூன் 24, திங்கள்

ஈரப்பதம் 72. பூச்சி இல்லை.

லென்ஸ் வைத்து ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். லென்ஸ் இழுப்பறையில் இருக்கிறது. இழுப்பறை இறுகிக்கொண்டது. பலமாக இழுத்தால் திறக்கும். ஆனால் அது பழைய மரம்.

ஜூன் 25, செவ்வாய்

ஈரப்பதம் 71. பூச்சி இல்லை. இழுப்பறையை முப்பிடாதி ஒரே இழுப்பில் திறந்து கொடுத்தாள். கேட்காமலே திறந்தாள். இன்று நேரமில்லை, நாளை பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 26, புதன்

ஈரப்பதம் 71.

பார்த்தேன். லென்ஸைக் கிட்டே கொண்டுபோய்க் குனிந்து மூச்சு விட்டேன். பன்னிரண்டாவது உயிரின் பின்னங்கால் ஆடியது.

செம்பில் செதுக்கின கால் ஆடாது.

வண்டு 1. தப்பவில்லை. ஜூன் ஆறாம் தேதிக் கணக்கை இதனால் திருத்துகிறேன்.

பென்சில் சீட்டு எழுதின ஐயா, எங்கிருந்தாலும் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்றாகவே எண்ணத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

ஈரப்பதம் 74. பூச்சி: எழுதக் கை வரவில்லை.

முப்பிடாதியிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கக்கூட இல்லை, அதுதான் இன்னும் வலித்தது.

"ஒரு சொட்டு பசை வச்சி விடுங்க யக்கா. ஆடாது. அந்தம்மா வந்து பாத்துட்டுப் போட்டும். ரூமு பொழைச்சிக்கும்."

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். பசை டப்பாவைக் கையில் எடுத்தும் விட்டேன். பதினோரு வருஷமாக இந்தப் புத்தகத்தின்மேல் என் மூச்சு படக்கூடாது என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். டப்பாவை வைத்துவிட்டேன். சொல்லவும் தைரியமில்லை. சொன்னால் அறை போய்விடும், நத்தை குடோனுக்கு, நான் மேட்ரனுக்கு.

ஜூலை 1, திங்கள்

ஈரப்பதம் 73. ராமபாணப் பூச்சி 1.

டாக்டர் குந்தவியிடமிருந்து மெயில். கட்டுரை எழுதி முடித்துவிட்டாராம், இருபத்திரண்டு பக்கம். "உங்கள் பிரதி எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பதையும் எழுத விரும்புகிறேன். வரும்போது உங்கள் பூச்சிப் பதிவேட்டைப் பார்ப்பேன். முதல்வரும் உடன் இருந்தால் நல்லது."

பூச்சிப் பதிவேடு என்பது இந்த நோட்டு.

ஜூலை 2, செவ்வாய்

ஈரப்பதம் 73. பூச்சி இல்லை.

நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே மீசை நிற்கிறது. பழைய பதினோரு நோட்டுகளையும் புரட்டினேன். ஐயா வராத மாதமே இல்லை. ஐந்தாம் நோட்டில் அவருடைய ஆண்டுவிழாப் பேச்சைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன், அதுதான் ஆபத்து.

"கிழிச்சிப் போடுங்க" என்கிறாள் முப்பிடாதி. பக்க எண் போட்டிருக்கிறது. கிழித்தால் தெரிந்துவிடும். புது நோட்டில் எழுதி மாற்றலாம், முத்திரை என் கையில்தான் இருக்கிறது. ஆனால் மாற்றி எழுதினால் ஆறாம் தேதி என்ன எழுதுவேன்? "பூச்சி இல்லை" என்றா?

ஜூலை 4, வியாழன்

ஈரப்பதம் 75. பூச்சி இல்லை.

எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஐயா அறைக்குள் போட்டோ எடுத்தார். புத்தகம் திறந்தபடி, பக்கத்தில் தட்டு நிறைய லட்டு. ஒரு லட்டை எடுத்து என் வாயில் ஊட்டுகிற மாதிரி ஒரு படம். "ஐயா, இங்க தின்பண்டம் கூடாது" என்று சொல்ல வாயைத் திறந்தேன், லட்டு உள்ளே போய்விட்டது. படம் முடிந்ததும் அறையைப் பூட்டிச் சாவியை அவரே கொண்டுபோய்விட்டார். புத்தகத்தை மூடக்கூட விடவில்லை.

ஜூலை 5, வெள்ளி

ஈரப்பதம் 75. எறும்பு: எண்ண முடியவில்லை.

காலையில் ஐயாவிடம் சாவி வாங்கித் திறந்தால், ஜன்னலிலிருந்து மேஜைவரை கறுப்புக் கோடு. லட்டுத் துணுக்குகளை முடித்துவிட்டுப் புத்தகத்தின்மேல் ஏறியிருக்கிறது. நாலு எறும்பு சேர்ந்து பன்னிரண்டாவது உயிரைத் தூக்கிக்கொண்டு, சுண்டெலியைத் தாண்டி, தவளையைச் சுற்றி இறங்கிக்கொண்டிருக்கின்றன. செதுக்கின மூன்று எறும்புகள் இருந்த இடத்திலிருந்து வேடிக்கை பார்க்கின்றன.

"ஏ முப்பிடாதி! ஓடியா! வண்டத் தூக்கிட்டுப் போவுது!"

"விடுங்க யக்கா! சனியன் தன்னால போவுதுல்லா, போட்டும்!"

விட்டிருக்கலாம். கேட்டால் எறும்பு கொண்டுபோய்விட்டது என்று கையை விரித்திருக்கலாம். ஆனால் கை தன்னால் போய்விட்டது. ஜன்னல் கட்டையில் மறித்துப் பிடுங்கித் தீப்பெட்டியில் போட்டேன். ஒரு கால் மட்டும் எறும்போடு போய்விட்டது. புத்தகத்தைத் தூரிகையால் துடைத்தேன். படத்துக்கு ஒன்றுமில்லை, பட்டாணிக் காய்க்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு மங்கல், அவ்வளவுதான்.

இப்போது தாளில் பதினொன்று. தீப்பெட்டியில் ஒன்று.

ஜூலை 8, திங்கள்

ஈரப்பதம் 76. பூச்சி இல்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு இந்த அறையில் நான் இருப்பேனோ என்னவோ.

டாக்டர் குந்தவி பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான அம்மா, சின்னக் கண்ணாடி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். அதிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஐயா கோட் போட்டிருந்தார். முப்பிடாதி பெருக்கின இடத்தையே மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தைத் திறந்தார். எண்ணினார். லென்ஸ் எடுத்தார். மறுபடி எண்ணினார்.

"பதினொண்ணுதான் இருக்கு."

ஐயாவின் மீசை நின்றுவிட்டது. "பியூலா, வண்டு எங்கம்மா?"

தீப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதன் பக்கத்தில் இந்த நோட்டை வைத்தேன்.

"இதுல எல்லாம் இருக்கு அம்மா. ஆறாம் தேதிப் பக்கத்தைப் பாருங்க. நான்தான் கொன்னேன். கோபக்கார மாணவன்னு யாரும் கிடையாது. என் பயறுப் பைதான்."

அந்த அம்மா தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். நோட்டைக் கையில் எடுத்தார். ஆறாம் தேதிக்குப் போவார் என்று பார்த்தால், முதல் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஜூன் மூணு. ஈரப்பதம் அறுபத்தெட்டு. ராமபாணப் பூச்சி மூணு, கொன்றேன். கரப்பான் ஒண்ணு, தப்பிவிட்டது. கரப்பானுக்கு..."

நிறுத்தினார். நோட்டைப் பார்த்தார். ஐயாவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கரப்பானுக்கு என்ன மேடம்?" என்றார் ஐயா.

"ஒண்ணுமில்ல சார். கையெழுத்து புரியல."

அப்புறம் மனசுக்குள்ளேயே படித்தார். ஐயா பக்கத்தில் நிற்க, முழுசாகப் படித்தார். நடுவில் இரண்டு தடவை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் என்றார். பழைய நோட்டுகளைக் கேட்டார், பதினொன்றையும் கொண்டுவந்து அடுக்கினேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த மாசம் ஜெர்மனியில போய் இந்த வண்டைப் பத்திப் பேசறதா இருந்தேன். நீங்க பசை வச்சிருந்தா, நான் அத்தனை பேர் முன்னால பயறு வண்டைக் காட்டிட்டு நின்னிருப்பேன்."

"மன்னிச்சிக்கிடுங்க அம்மா."

"மத்த ஏழு பிரதியில ஒண்ணு எங்ககிட்டதான் இருக்கு. ஏசி ரூம், இரும்பு அலமாரி. அதுல பதினேழாவது படத்துல இப்ப எத்தனை உயிர் மிச்சம் தெரியுமா? நாலு. மீதி ஏழையும் ராமபாணம் தின்னுடுச்சு. நத்தை இருந்த இடத்துல ஓட்டை." ஐயாவின் பக்கம் திரும்பினார். "சார், உங்க புத்தகத்துல ஒரு கடி கிடையாது. பதினோரு வருஷம் ஒருநாள் விடாம எண்ணியிருக்காங்க. தன் தப்பைக்கூட எண்ணியிருக்காங்க. இந்த ரூமையும் இவங்களையும் இடம் மாத்தினீங்கன்னா நான் எழுதப்போற கட்டுரையே வேற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நத்தைக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. முப்பிடாதி துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

ஈரப்பதம் 74. பூச்சி இல்லை.

ஸ்மார்ட் கிளாஸ் ஹாஸ்டல் குடோனுக்குப் போகிறது. "எலி கெடக்குமே ஐயா" என்றேன். "பூனை சொல்லியாச்சு" என்றார் சுருக்கமாக. ஃப்ளெக்ஸை முப்பிடாதி தன் ஆட்டுக் கொட்டிலுக்கு வாங்கிக்கொண்டாள். ஐயா மழைக்கு ஆட்டை நனையாமல் பார்த்துக்கொள்வார்.

போகும்போது டாக்டர் குந்தவி நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். பதிவேட்டுக்கு மதிப்பு வேண்டுமென்றால் முதல்வர் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இந்த நோட்டின் தொடக்கத்திலிருந்தே. வெள்ளிக்கிழமை மாலை நோட்டு ஐயா வீட்டுக்குப் போகிறது.

ஜூலை 12, வெள்ளி

ஈரப்பதம் 73. பூச்சி இல்லை. பிரின்ஸ்பல் ஐயா மிகவும் நல்லவர்.

ஜூலை 15, திங்கள்

ஈரப்பதம் 72. ராமபாணப் பூச்சி 1, கொன்றேன்.

ஐயா இன்று மீசை இல்லாமல் வந்தார். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். நானும் குனிந்த தலை நிமிராமல் "காலை வணக்கம் ஐயா" என்றேன். மீசை இல்லாமல் அந்த முகத்தில் ஒரு சின்னப் பையன் தெரிந்தான். பாவமாக இருந்தது. என் நாக்கை, இல்லை, என் பேனாவை நானே திட்டிக்கொண்டேன்.

நோட்டு என் மேஜையில் இருந்தது. திறக்க அரை மணி நேரம் ஆனது. எல்லாப் பக்கத்திலும் பச்சை மையில் "பார்த்தேன்" என்று கையெழுத்து. ஜூன் மூன்றாம் தேதிப் பக்கத்தில் மட்டும், கையெழுத்துக்குக் கீழே, அழகான எழுத்தில் இன்னொரு வரி:

"இனிமேல் செருப்பை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளவும்."

வைத்திருக்கிறேன், ஐயா.